கேள்வி – பதில்: ஆர்க்கிடெக்ட் ஆக நினைக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும்

ஆர்க்கிடெக்ட் படிப்பைப் பற்றியும் தொழிலைப் பற்றியும் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை களியக்காவிளை, கொல்லங்கோடு, பாறசாலை, செங்கோட்டை என்று கேரள எல்லையோரத்திலிருந்தே வந்தவை. மார்த்தாண்டத்தில் அலுவலகம் வைத்து, எல்லைக்கு இரண்டு பக்கமும் வீடுகள் வரைந்து கட்டிவரும் பெண் ஆர்க்கிடெக்ட் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: பிளஸ் டூவில் கணக்கும் உயிரியலும் உள்ள பிரிவில் படிக்கிறேன். ஆர்க்கிடெக்ட் படிப்பான பி.ஆர்க் சேர ஆசை. "அதுவும் சிவில் இன்ஜினீயரிங்தானே, நாலு வருஷத்துல முடியிறத ஏன் அஞ்சு வருஷம் படிக்கணும்?" என்கிறார் மாமா. எனக்கு ஓவியம் சுமாராகத்தான் வரும். அதற்கான நாட்டா நுழைவுத் தேர்வுக்கு கோச்சிங் போகாமல் முடியுமா?
– பிளஸ் டூ மாணவி, கொல்லங்கோடு

மாமாவிடம் இப்படிச் சொல்லிப் பாரும்மா. உங்கள் வீட்டு மேல்தளத்துக்கு எத்தனை கம்பி வேண்டும், அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் போகவேண்டும் என்று கணக்குப் போடுபவர் சிவில் இன்ஜினீயர். அந்தத் தளம் சுவரைத் தாண்டி எவ்வளவு வெளியே நீள வேண்டும், அடுக்களை ஜன்னலை எந்தப் பக்கம் வைத்தால் அம்மா மீன் கழுவும்போது கையில் வெளிச்சம் விழும், இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) அடிக்கும்போது அதே ஜன்னலைத் திறந்தே வைக்க முடியுமா என்று யோசிப்பவர் ஆர்க்கிடெக்ட். ஒருவர் வேலையை மற்றவர் செய்ய முடியாது. என் வரைபடம் ஒவ்வொன்றும் அந்தக் கம்பிக் கணக்கைப் போடும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் கைக்குப் போய்த்தான் வீடு கட்டும் தளத்துக்குப் போகிறது.

உன் பிரிவில் இயற்பியலும் கணக்கும் இருப்பதால் தகுதிக்குக் குறையில்லை. நாட்டா மொத்தம் 200 மதிப்பெண். அதில் 80 கையால் வரைவதற்கும் செய்வதற்கும்: வண்ணத்தில் ஒரு காட்சியமைப்பு, கறுப்பு வெள்ளையில் ஒன்று, கொடுக்கும் பொருள்களை வைத்துச் செய்யும் முப்பரிமாண வடிவம் ஒன்று. மீதி 120 கணினியில் எழுதுவது. நாட்டா மதிப்பெண்ணையும் பிளஸ் டூ மதிப்பெண்ணையும் சரிபாதியாகச் சேர்த்துத்தான் தமிழ்நாட்டில் தரவரிசை போடுகிறார்கள். அதனால் நாட்டாவை நினைத்துப் பள்ளிப் பாடத்தைக் கைவிட்டுவிடாதே. திருச்சி, கோழிக்கோடு என்.ஐ.டி.க்களுக்கும் விஜயவாடாவில் உள்ள எஸ்.பி.ஏ. (மத்திய அரசின் கட்டடக்கலைப் பள்ளி) போன்றவற்றுக்கும் நாட்டா செல்லாது. அவற்றுக்கு ஜே.இ.இ. மெயினில் பி.ஆர்க்குக்கான தனித் தாளை எழுத வேண்டும். விதிகளில் வருஷா வருஷம் ஏதாவது மாறும். பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னான் என்று இருந்துவிடாமல், அந்த ஆண்டின் கையேட்டை நீயே படி. கல்லூரி ஏதாக இருந்தாலும், ஆர்க்கிடெக்ட்களுக்கான மத்தியக் குழு (கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர்) அனுமதித்த பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று சேருவதற்கு முன் பார்.

ஓவியம் சுமார் என்பதைப் பற்றிக் கவலைப்படாதே. முகத்தை அச்சு அசலாக வரைகிற கை இந்தத் தொழிலுக்கு அவசியமில்லை. ஒரு பொருளின் நீள அகலத்தைக் கண்ணால் சரியாகப் பிடிப்பதுதான் வேண்டியது. கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன் ஒரு மாதம் நான் சொல்வதைச் செய். கடையில் ஒரு ஸ்டீல் டேப் வாங்கு. முதல் நாள் உன் வீட்டு அடுக்களை மேடையின் உயரத்தை அள. பிறகு அம்மா அதன் முன் நின்று காய் நறுக்கும்போது அவர்கள் முழங்கை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அள. மேடை முழங்கைக்கு நாலு விரல் கீழே இருந்தால் தோள் வலிக்காது. ஒட்டினாற்போலவோ அதற்கு மேலேயோ இருந்தால், அம்மா ராத்திரி தைலம் தேய்ப்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. அடுத்த நாள் படிக்கட்டு. ஒரு படியின் உயரத்தை இரண்டு மடங்காக்கி, கால் வைக்கும் அகலத்தோடு கூட்டு. 60 முதல் 64 சென்டிமீட்டருக்குள் வந்தால் ஏறுவதற்குச் சுகமான படி. 16 உயரம், 30 அகலம் என்றால் 62. தாத்தா ஏற யோசிக்கிற படியை அளந்தால் இந்தக் கணக்கு தப்பியிருப்பதை நீயே பார்ப்பாய். அளந்த ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் கையாலேயே வரை, ஸ்கேல் வைக்காதே. முப்பது நாளில் முப்பது பக்கம் சேர்ந்து, முப்பதாம் நாளும் டேப்பை எடுக்க ஆசையாக இருந்தால் நீ பி.ஆர்க் சேரலாம். அதற்குப் பிறகு கோச்சிங் போவதும் போகாததும் உன் வசதி.

கேள்வி: நான் ரப்பர் பால் வெட்டுகிற தொழிலாளி. மழைக்காலத்தில் வேலை நின்றுவிடும். மகன் ஆர்க்கிடெக்ட் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். ஐந்து வருடம் செலவழித்தால் அவன் எப்போது சம்பாதிக்கத் தொடங்குவான்? மறைக்காமல் சொல்லுங்கள்.
– ஒரு தகப்பனார், குலசேகரம்

அண்ணாச்சி, மறைக்காமலே சொல்கிறேன். படிப்பு ஐந்து வருடம். முடித்து வேலைக்குச் சேர்ந்தால் முதல் இரண்டு மூன்று வருடச் சம்பளம், அதே வயதில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போன பையனின் சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். நான் 2001-ல் படித்து முடித்து முதல் வேலையில் வாங்கியது மாதம் 3,500 ரூபாய். அதில் பாதி ஹாஸ்டலுக்கே போய்விட்டது. இன்று தொகை கூடியிருக்கிறது, ஆனால் அந்த விகிதம் பெரிதாக மாறவில்லை. தொழிலில் ஒரு எட்டாவது, பத்தாவது வருடம் வரும்போதுதான் கையில் காசு நிற்கும். இதைத் தெரிந்துகொண்டு இறங்கினால் வருத்தமிருக்காது. தெரியாமல் இறங்கிய குடும்பங்கள் மூன்றாம் வருடத்தில் பிள்ளையைத் திட்டுவதை நேரில் பார்த்திருக்கிறேன்.

கல்லூரிக் கட்டணத்தோடு செலவு முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாடல் செய்ய அட்டை, பசை, கட்டர் பிளேடு. செமஸ்டர் கடைசியில் பெரிய பேப்பரில் பிரிண்ட். வருடத்துக்கு ஒரு கல்விச் சுற்றுலா. இரண்டாம் வருடத்துக்குள் ஓரளவு வேகமான லேப்டாப். இவையெல்லாம் கல்லூரிக்காரர்கள் கொடுக்கும் தாளில் இருக்காது. நேர்காணலுக்குப் போகும்போது அங்கே படிக்கும் மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம் தனியாகக் கேளுங்கள், உண்மையைச் சொல்வார்கள்.

அதனால் அரசு இடத்துக்கு முதலில் முயலட்டும். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பள்ளி இருக்கிறது, திருச்சியில் என்.ஐ.டி. இருக்கிறது. திருவனந்தபுரம் இன்ஜினீயரிங் கல்லூரியிலும் பி.ஆர்க் உண்டு. உங்கள் வீட்டிலிருந்து சென்னையைவிட அது எவ்வளவோ பக்கம்தான். ஆனால் கேரளச் சேர்க்கையில் பிறப்பிடம் பார்ப்பார்கள், நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அங்கே அரசு இடம் எளிதில் கிடைக்காது. முதல் வருடம் இடம் கிடைக்காமல் பெரிய நன்கொடை கேட்கும் கல்லூரிதான் மிஞ்சினால், தோட்டத்தை ஈடு வைக்காதீர்கள். ஒரு வருடம் காத்திருந்து மறுபடி எழுதச் சொல்லுங்கள். அந்த வருடத்தை வீணாக்காமல் ஒரு ஆசாரியோடோ கொத்தனாரோடோ கூலிக்கு அனுப்புங்கள். நான் கோபத்தில் சொல்லவில்லை. என்னிடம் இப்போது வேலை செய்யும் பையன்களில் கைவேலை சுத்தமானவன் அப்படி ஒரு வருடம் மேஸ்திரிக்கு எடுபிடியாக நின்றவன்தான்.

சொந்தத் தொழில் மட்டுமே வழி என்றும் நினைக்க வேண்டாம். பொதுப்பணித் துறையில் ஆர்க்கிடெக்ட் பணியிடங்கள் உண்டு. கேட் தேர்வில் கட்டடக்கலைக்குத் தனித் தாள் இருக்கிறது. அதை எழுதி நகரமைப்பில் மேற்படிப்பு படித்தால் நகர ஊரமைப்புத் துறை வேலைகளுக்கும் போகலாம். மாதச் சம்பளம் வேண்டும் என்கிற வீட்டுக்கு அது நல்ல வழி.

கேள்வி: பத்தாவது முதல் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தேன். கல்லூரியில் எல்லாம் ஆங்கிலம் என்கிறார்கள். தாக்குப்பிடிப்பேனா?
– மாணவன், ஆரல்வாய்மொழி

தாக்குப்பிடிப்பாய். முதல் செமஸ்டரில் கட்டடக்கலை வரலாறு வகுப்பு மட்டும் கஷ்டமாக இருக்கும். வரைந்து காட்டும் ஸ்டுடியோ வகுப்பில் நீ பேசுவதைவிட உன் ஷீட் பேசுவதுதான் அதிகம். பிளான், செக்‌ஷன், எலிவேஷன் (தரைப்படம், வெட்டுப்படம், முகப்புப்படம்) மூன்றும் பழகிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

அதோடு, உன்னிடம் இருப்பதைக் குறைத்து நினைக்காதே. உத்திரம், விட்டம், கழுக்கோல், போதிகை, தாழ்வாரம், நடுமுற்றம், ரசமட்டம், மூலைமட்டம், தூக்குக்குண்டு என்ற சொற்களெல்லாம் உனக்கு வீட்டிலேயே தெரியும். கட்டடம் கட்டுகிற மனிதனிடம் அவன் சொல்லிலேயே பேச வராத ஆர்க்கிடெக்ட் தளத்தில் படும் பாடு பெரிது. ஆங்கிலத்தை இரண்டு வருடத்தில் பிடித்துவிடலாம்.

கேள்வி: டிப்ளமோ சிவில் முடித்து ஆறு வருடமாகப் பிளான் வரைகிறேன். இதுவரை நாற்பது வீடுகளுக்கு மேல் வரைந்திருப்பேன். போர்டில் "ஆர்க்கிடெக்ட்" என்று போட்டேன். ஒருவர் வந்து சட்டப்படி தப்பு என்கிறார். உண்மையா? இனி பி.ஆர்க் படிக்க முடியுமா?
– பெயர் வேண்டாம், பளுகல்

உண்மைதான் தம்பி. ஆர்க்கிடெக்ட்ஸ் ஆக்ட் என்ற சட்டம் 1972-ல் வந்தது. அதன்படி பி.ஆர்க் முடித்து, மத்தியக் குழுவில் பதிவு செய்து எண் வாங்கியவர் மட்டும்தான் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். என் எண் சி.ஏ. என்று தொடங்கி, பதிவு செய்த வருடத்தோடு இருக்கும். யார் போர்டில் ஆர்க்கிடெக்ட் என்று பார்த்தாலும் அந்த எண்ணைக் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தச் சட்டம் பட்டத்தைத்தான் காக்கிறதே தவிர, வீடு வரைவதை மற்றவர்களுக்குத் தடுக்கவில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆகவே நீங்கள் வரைவது குற்றமில்லை, போர்டில் போட்ட சொல்தான் குற்றம். இன்றைக்கே மாற்றிவிடுங்கள். "பில்டிங் டிசைனர்" என்று போடுங்கள். உள்ளாட்சியில் இன்ஜினீயராகப் பதிவு இருந்தால் அதைப் போடுங்கள். நாற்பது குடும்பம் நம்பி வந்திருக்கிறது. அவர்களுக்குத் தெரியாத ஒரு பொய் போர்டில் இருக்கக் கூடாது.

டிப்ளமோவில் கணக்கு ஒரு பாடமாக இருந்து, 45 விழுக்காடு வாங்கியிருந்தால் நாட்டா எழுதலாம். நேரடியாக இரண்டாம் வருடத்தில் சேரும் வசதி இன்ஜினீயரிங்கில் உண்டு, பி.ஆர்க்கில் இல்லை. முதல் வருடத்திலிருந்து ஐந்து வருடமும் படிக்க வேண்டும். குடும்பம் இருந்தால் அது லேசான முடிவு அல்ல. ஆனாலும், நாற்பது வீடு வரைந்த கையோடு முதல் வருட ஸ்டுடியோவில் போய் உட்காருபவரை எந்த நல்ல ஆசிரியரும் மதிப்பார்.

கேள்வி: திருவனந்தபுரத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். போன ஜூரியில் (எங்கள் வரைபடங்களை மதிப்பிடும் நாள்) வெளியிலிருந்து வந்த ஒருவர் என் ஷீட்டை எல்லோர் முன்பும் கிழித்தார். இரண்டு ராத்திரி தூங்காமல் செய்த மாடலைப் பார்க்கவேயில்லை. படிப்பை விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.
– மாணவி, பாறசாலை

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன் மக்ளே. உன் ஷீட்டைக் கிழிக்க உலகத்தில் யாருக்கும் உரிமை கிடையாது. "எங்க காலத்துல நாங்களும் பட்டோம்" என்று சொல்லி இதை வழக்கமாக்கி வைத்திருக்கிறார்கள். அது வழக்கமே அல்ல, அவமதிப்பு. தனியாகப் போகாதே, வகுப்பில் நாலைந்து பேர் சேர்ந்து துறைத் தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள். கிழிந்த ஷீட்டை ஒட்டி எடுத்து வைத்துக்கொள்.

ஜூரியில் கேட்கப்படும் கேள்வி வேறு, அவமதிப்பு வேறு. நான் மூன்றாம் வருடம் பெண்கள் ஹாஸ்டல் ஒன்று வரைந்தேன். அறுபது பேருக்கு. வட்டமான முற்றம், அதைச் சுற்றி அறைகள், மாடல் அழகாகவே வந்திருந்தது. ஜூரிக்கு வந்திருந்த ஒரு அம்மா பத்து நிமிஷம் பிளானைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "மழைக்காலத்தில் அறுபது பேருடைய துணி எங்கே காயும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நானே ஹாஸ்டலில் இருந்தவள், என் துணியே ஜன்னல் கம்பியில் நாற்றமடித்துத் தொங்கிக்கொண்டிருந்த காலம் அது. அன்று மார்க் குறைந்தது. ஆனால் அந்தக் கேள்வியை இன்றும் ஒவ்வொரு வீட்டுக்கும் கேட்கிறேன். எங்கள் அலுவலகத்திலிருந்து போகும் எந்தப் பிளானிலும் மழைபடாமல் காற்றுப்படுகிற மாதிரி துணி காயப்போட ஓர் இடம் குறித்திருக்கும். உன் ஜூரியில் கிழித்தவரை விட்டுவிடு. மற்றவர்கள் கேட்டவற்றில் இப்படி ஒரு கேள்வி இருந்ததா என்று யோசித்துப் பார். இருந்தால் அதை மட்டும் எழுதி வை.

இன்னொன்று, ராத்திரி தூங்காமல் கட்டர் பிடிக்காதே. என் இடது ஆள்காட்டி விரலில் மூன்று தையல் போட்ட வடு இருக்கிறது. விடியற்காலை நாலு மணி, மழுங்கின பிளேடு, பிளாஸ்டிக் ஸ்கேல். ஸ்டீல் ஸ்கேல் வைத்து, புது பிளேடு போட்டு, அழுத்தாமல் மூன்று முறை இழு. பதினோரு மணிக்குப் படுத்துவிடு. முடியாத மாடல் முடியாமலே போகட்டும்.

மனசு ஆறாத ஒரு மாலையில் தம்பானூருக்குப் போ. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறதே, அதைக் கட்டியவர் லாரி பேக்கர். செங்கல்லால் ஆன ஒரு சுருள். தரை சுற்றிச் சுற்றிச் சரிவாக ஏறும், மேசையும் பெஞ்சும் கட்டடத்தோடு கட்டியவை. சுவரின் சிறு துளைகள் வழியே வெளிச்சமும் காற்றும் வரும். ஒரு காபி வாங்கிக்கொண்டு, அந்தச் சரிவில் மேசை எப்படி மட்டமாக நிற்கிறது என்று பார். சின்ன மனையில், குறைந்த செலவில், இத்தனை பேர் தினமும் சாப்பிடும் இடம் அது. அவர் இங்கிலாந்தில் பிறந்து, திருவனந்தபுரத்தில் வேரூன்றி, 2007-ல் இங்கேயே இறந்தார். அவருடைய சுவர்களில் பல எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் பொந்து விட்டுக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவரில் செங்கல் ஏறக்குறைய கால்வாசி மிச்சமாகும், பொந்தில் நிற்கும் காற்று வெயிலையும் தடுக்கும். இதையெல்லாம் உன் பஸ் வழியிலேயே வைத்துக்கொண்டு படிப்பை விடாதே.

கேள்வி: டிரெயினிங் செமஸ்டருக்கு அலுவலகம் தேடுகிறேன். பெரிய ஊரில் ஸ்டைபெண்ட் இல்லாமல் வேலை வாங்குகிறார்கள். போர்ட்ஃபோலியோவில் (என் வேலைகளின் தொகுப்பில்) என்ன வைக்க வேண்டும்?
– நான்காம் வருட மாணவன், செங்கோட்டை

காசு கொடுக்காத இடத்துக்குப் போகாதே. நீ வரையும் டாய்லெட் டீட்டெய்லுக்கு அவர்கள் வாடிக்கையாளரிடம் பணம் வாங்குகிறார்கள். என் டிரெயினிங்கின்போது ஓர் அலுவலகத்தில் நாலு மாதம் இலவசமாகக் கணினியில் ஆட்டோகேடில் கோடு போட்டேன், ஒரு முறைகூட தளத்துக்குக் கூட்டிப்போகவில்லை. அந்த நாலு மாதத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. பெரிய பெயர் வேண்டாம். பத்து பேருக்குள் இருக்கும், வாரம் இரண்டு நாளாவது தளத்துக்கு அனுப்பும் அலுவலகமாகப் பார்.

போர்ட்ஃபோலியோ இருபது பக்கம் போதும். பளபளவென்ற முப்பரிமாணப் படம் எல்லோரிடமும் இருக்கிறது. ஸ்கெட்சப், ரெவிட் மென்பொருள்கள் எல்லோருக்கும் தெரியும். நான் தேடுவது நீயே அளந்து வரைந்த ஒரு பழைய கட்டடம். என்னிடம் வரும் பிள்ளைகளை முதல் வாரமே திருவட்டாறு பக்கம் ஏதாவது ஓட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். போனமுறை வந்த பையன் ஒவ்வொரு ஜன்னலையும் தனித்தனியாக அளந்து கூட்டிக்கொண்டு வந்தான், சுவரின் மொத்த நீளத்தில் அஞ்சு அங்குலம் இடித்தது. டேப்பின் பூஜ்யத்தை ஒரு மூலையில் பிடித்து வைத்துக்கொண்டு, அசைக்காமல், ஜன்னலின் தொடக்கம், முடிவு, கதவின் தொடக்கம், முடிவு என்று ஓடும் அளவாகவே படிக்க வேண்டும். துண்டு துண்டாக அளந்தால் ஒவ்வொரு துண்டின் பிழையும் கூடிக்கொண்டே போகும். பிறகு அறையின் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவு. பழைய வீட்டில் நாலு சுவரும் அளந்தபடி இருந்தும் குறுக்களவு ஒத்துவராது, அப்போதுதான் அறை கோணலாக இருப்பது தெரியும். அந்தப் பையன் மறுநாள் திரும்பிப் போய் அளந்தான். மூன்றாம் நாள் அவன் கொண்டுவந்த தாளில் மண்ணும் வெற்றிலைக் கறையும் இருந்தது, அளவு அரை அங்குலத்துக்குள் நின்றது. அப்படி ஒரு தாள் உன் இருபது பக்கத்தில் இருக்கட்டும்.

கேள்வி: படித்து முடித்து ஒரு வருடம் ஆகிறது. தளத்தில் மேஸ்திரிகள் நான் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை. பெண் என்பதாலா? நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?
– இளம் ஆர்க்கிடெக்ட், கொழிஞ்சாம்பாறை

பெண் என்பதாலும்தான். அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. என்னோடு வரும் ஜூனியர் பையனைப் பார்த்து "சாரு என்ன சொல்றாரு?" என்று கேட்ட மேஸ்திரிகள் உண்டு. சம்பளப் பேச்சையும் வேலைப் பேச்சையும் நானே நேருக்கு நேர் பேச ஆரம்பித்த பிறகு அது குறைந்தது. தளத்தில் கழிப்பறை இல்லை என்றால் முதல் நாளே வீட்டுக்காரரிடம் தற்காலிகமாக ஒன்று கட்டச் சொல்லிவிடு. சிமென்ட் சுமக்கும் பெண்களுக்கும் அது வேண்டும், உனக்கும் வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் சில சமயம் மேஸ்திரி சொல்வதில் நியாயம் இருக்கும். நான் தனியாகத் தொழில் தொடங்கிய 2005-ல், அருமனைப் பக்கம் ஒரு வீட்டுக்கு மூலை கட்டினார்கள். நூல் பிடித்து மூன்று, நாலு, ஐந்து அளவில் முக்கோணம் போட்டு, மூலை செங்கோணமா என்று பார்த்தேன். நாற்பது அடியில் நாலு அங்குலம் விலகியிருந்தது. அழித்துப் போடச் சொன்னேன். வயசான மேஸ்திரி சொன்னார், "பிள்ளே, உன் நூலு செரிதான். ஆனா அப்பிடிப் போட்டா பின்னாடி மூலை பக்கத்து வெளையில போய் நிக்கும். வந்து பாரு." போய்ப் பார்த்தேன். மனை செவ்வகமே இல்லை, ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நான் சர்வே ஸ்கெட்சை மட்டும் நம்பி, குறுக்களவு எடுக்காமலே வரைந்துவிட்டேன். அன்று இரவே பிளானை மாற்றினேன். பின்பக்கத்து வேலை அறையில் மட்டும் அந்தக் கோணலை விட்டு, மற்ற அறைகளைச் சதுரமாக வைத்தேன். அதற்குப் பிறகு மனையை நானே அளக்காமல் ஒரு கோடும் போட்டதில்லை. அந்த மேஸ்திரி உயிரோடு இருந்தவரை என் வேலை எல்லாவற்றுக்கும் முதல் மூலையை அவர்தான் கட்டினார்.

அதே வீட்டில் இன்னொரு தப்பும் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது தட்டைக் கூரையும் ஒட்ட வெட்டின சுவரும்தான் நாகரிகம். ஜன்னலுக்கு மேல் ஒன்றரை அடி சன்ஷேடு வைத்தேன். முதல் இடவப்பாதியில் மேற்குப் படுக்கையறைச் சுவர் முழுக்க ஊறி, பெயிண்ட் பொரிந்தது. அந்த வீட்டுப் பாட்டி ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டிருந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, காப்பி கொடுத்தார். நம் ஊருக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கிலிருந்து வரும் துலாம் மழையும் உண்டு. இரண்டு திசையிலிருந்தும் சாரல் அடிக்கும் நாட்டில் சுவரை நனைய விட்டது என் பிழை. மேற்கே மூன்றடி நீட்டி ஓட்டுச் சார்ப்பு இறக்கிக் கொடுத்தேன், அதற்கு ஃபீஸ் வாங்கவில்லை.

கேள்வி: வீடு களியக்காவிளை, மனை செறுவாரக்கோணம். தமிழ்நாட்டு ஆர்க்கிடெக்ட் கேரளத்தில் பிளான் போடலாமா?
– ஒரு வாசகர்

போடலாம். மத்தியக் குழுவின் பதிவு நாடு முழுவதும் செல்லும். விதிகள்தான் வேறு. இங்கே 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள், அங்கே அதே 2019-ல் வந்த கேரளப் பஞ்சாயத்துக் கட்டட விதிகள். சுற்றிலும் விட வேண்டிய இடம், மழைநீர்த் தொட்டி, கார் நிறுத்தம் எல்லாவற்றையும் அந்தந்த விதியில் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் சுயசான்று முறையில் உடனே அனுமதி கிடைக்கும், 2024 முதல். அந்த நினைப்பில் கேரளத்தில் வேலை தொடங்கிவிடாதீர்கள், அங்கே அவர்கள் முறைப்படிதான்.

கேள்வி: பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பள்ளியிலிருந்து இரண்டு முறை போயிருக்கிறேன். கட்டடக்கலை படிக்க விரும்புபவள் அங்கே என்ன பார்க்க வேண்டும்?
– பத்தாம் வகுப்பு மாணவி, தக்கலை

இந்தக் கடிதத்தைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. தக்கலையில் இருந்துகொண்டு அங்கே இரண்டே முறைதானா? நான் எத்தனை முறை போனேன் என்று எண்ணவில்லை. 1956 நவம்பரில் நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அரண்மனை மட்டும் இன்றும் கேரளத் தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது. அது உன் ஊரிலேயே இருக்கிற பள்ளிக்கூடம்.

கட்டிலையும் வாளையும் இந்த முறை பார்க்காதே. முதலில் வெளியே முற்றத்தில் நின்று, கூரை எங்கே முடிகிறது என்று பார். ஓட்டுச் சரிவு சுவரைத் தாண்டி எவ்வளவு தாழ்ந்து வருகிறது, அதன் நிழல் சுவரில் எங்கே விழுகிறது. நான் 2005-ல் தப்பவிட்டது அதைத்தான். அடுத்து அரசர் ஆலோசனை நடத்திய மந்திரசாலைக்குப் போ. மரச்சட்ட ஜன்னல் வழியாக வெயில் எப்படி உடைந்து உள்ளே வருகிறது, வெளியே கொதிக்கும்போது உள்ளே ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது என்று சும்மா பத்து நிமிஷம் உட்கார்ந்து பார். தரையில் உன் முகம் தெரியும். சுண்ணாம்பு, சுட்ட சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துத் தேய்த்த தரை என்று சொல்வார்கள். தாய்க் கொட்டாரம் என்ற பழைய பகுதியில் ஒரே பலாமரத்தில் செதுக்கிய தூணைக் கையால் தொடாமல் கண்ணால் மேலிருந்து கீழே வரை படி.

ஆசாரிமார் முழக்கோலால் அளந்து கட்டியது அது. ஒரு கோல் இருபத்துநாலு விரல், இன்றைய கணக்கில் 72 சென்டிமீட்டர். உன் கையை விரித்து, விரல் நுனியிலிருந்து முழங்கை வரை எவ்வளவு என்று வீட்டிலேயே அளந்துகொண்டு போ. அங்கே வாசல்களின் அகலத்தை அந்தக் கையால் மதிப்பிட்டு நோட்டில் எழுது. சனி, ஞாயிறு கூட்டமாக இருக்கும், திங்கட்கிழமை பூட்டியிருக்கும். செவ்வாய்க்கிழமை பள்ளி விடுமுறை வந்தால் காலையிலேயே போய்விடு. நோட்டை எனக்கு இந்தப் பத்திரிகை முகவரிக்கு அனுப்பு, பார்த்துத் திருப்பி அனுப்புகிறேன்.